பெம்பர்ஸ் போடும் தாய் சோம்பேறியா?



அண்மையில் ஒரு பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டா. எந்தத் தமிழ்ப்பள்ளியிலும் நடக்கக்கூடியதுதான். சிறப்புரை ஆற்ற வந்த ஒருவர் தமிழர் பண்பாடு சீரழிவதைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினார். சினிமா, கைப்பேசி, பிறந்தநாள் கேக்கு என்று வரிசையாக வந்தவர், கடைசியில் பெம்பர்ஸில் வந்து நின்றார். “நம் பாட்டிமார்கள் பழந்துணியில் பிள்ளை வளர்த்தார்கள். இன்றைய தாய்மாருக்குச் சோம்பல். பிள்ளைக்குப் பெம்பர்ஸை மாட்டிவிட்டுத் தொடர்நாடகம் பார்க்கிறார்கள்!” என்றார். கூட்டம் கைதட்டியது. கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

பின்வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு தாய் அமர்ந்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர். அவருடைய மூத்த பிள்ளை என் வகுப்பில் படிக்கிறான். கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில் என்னிடம் வந்து மெல்லிய குரலில் கேட்டார்:

“டீச்சர், நீங்களும் கை தட்டுனீங்க. நானும் துணிதான் கட்டிப் பாத்தேன். அஞ்சு நாளா மழை, ஒரு துணிகூட காயல. ஈரத்துணியையா டீச்சர் பச்சப்பிள்ளைக்குக் கட்டச் சொல்றீங்க?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே பழகியவள் நான். அன்று ஒரு தாயின் கேள்விக்கு முன்னால் தலைகுனிந்து நின்றேன். அவருக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இன்று எழுதுகிறேன்.

ஒரு விளக்கம். பெம்பர்ஸ் என்பது ஒரு வணிகப் பெயர். ‘அணையாடை’ என்ற நல்ல தமிழ்ச்சொல் நம்மிடம் இருக்கிறது. ஆனால், எந்த நிறுவனத்தின் பொருளாக இருந்தாலும் நம் வீடுகளில் அதற்குப் பெயர் பெம்பர்ஸ்தான். ஆகவே அப்படியே எழுதுகிறேன். தமிழ்ப் பற்றாளர்கள் பொறுத்தருள்க.

பெம்பர்ஸுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை

இதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். கணக்கைப் பார்த்தாலே தெரியும்.

ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஆறு என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை ஆண்டுக்கு 5,475 ஆகிறது. ஒன்று 60 காசு என்றால் மாதத்திற்கு 108 வெள்ளி. இரண்டரை ஆண்டுக்கு 3,285 வெள்ளி. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு ஒரே ஒரு பிள்ளையின் இடுப்பைச் சுற்றியே போய்விடுகிறது. இரண்டு கைக்குழந்தைகள் உள்ள வீடென்றால் கேட்கவே வேண்டா.

பணம் மட்டுமா? 2012-இல் நம் அரசாங்கத்தின் திடக்கழிவுத் துறை நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. வீட்டுக் குப்பையில் முதலிடம் உணவுக் கழிவுக்கு, அடுத்தது நெகிழிக்கு, மூன்றாமிடம் எதற்குத் தெரியுமா? பெம்பர்ஸுக்கு! ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. காகிதத்தையே முந்திவிட்டது. உள்ளே மரக்கூழும் நீரை உறிஞ்சும் வேதிப்பொருளும், வெளியே நெகிழி. இன்று நம் பிள்ளை நனைத்துப் போட்ட பெம்பர்ஸின் நெகிழி, அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்த பிறகும் மண்ணுக்குள் கிடக்கும்.

ஆகவே பேச்சாளர் குப்பையைப் பற்றிப் பேசியிருந்தால் நான் இன்னொரு முறையும் கைதட்டியிருப்பேன். அவர் பேசியதோ தாயின் குணத்தைப் பற்றி. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

துணி எப்போது நல்லது?

துணியென்றால் எப்போதும் நல்லது, பெம்பர்ஸ் என்றால் எப்போதும் கெட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை இதை அளந்து பார்த்து 2008-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுக்குப் பெம்பர்ஸ் போட்டால் புவி வெப்பமாவதில் அதன் பங்கு 550 கிலோ கரிவளிக்குச் சமம். துணி கட்டினால் 570 கிலோ! துவைக்கவும் உலர்த்தவும் செலவாகும் மின்சாரந்தான் இதற்குக் காரணம். ஆனால், இயந்திரம் நிறையத் துணியைச் சேர்த்துத் துவைத்து, வெளியில் கொடி கட்டி உலர்த்தி, அதே துணியை அடுத்த பிள்ளைக்கும் கட்டினால் ஏறத்தாழ 200 கிலோ குறைந்துவிடும் என்றும் அதே அறிக்கை சொன்னது. 2023-இல் அந்நாட்டு அரசாங்கம் வெளியிட்ட புதிய ஆய்வில் புவி வெப்பமாவதில் துணியின் பங்கு பெம்பர்ஸைவிட 25 விழுக்காடு குறைவு என்று வந்திருக்கிறது.

இதில் ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். துணியின் நன்மை துணியில் இல்லை. அது எப்படிக் காய்கிறது என்பதில் இருக்கிறது. வெயிலில் காய்ந்தால் துணிக்கு வெற்றி. சூடான இயந்திரத்தில் போட்டு உலர்த்தினால் அந்த வெற்றி தோல்வியாகிவிடும்.

அந்தத் தாய் என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

இந்த மலையில் வெயில் எங்கே?

கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ இருப்பவர்களுக்கு இது புரியாது. அங்கே காலையில் துணியைக் கொடியில் போட்டால் மதியத்திற்குள் அப்பளம் போல் காய்ந்துவிடும். கேமரன் மலையில் தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பகலில் 20-லிருந்து 25 பாகை. இரவில் 15-க்கு இறங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை. அக்டோபர், நவம்பரில் வானம் திறந்துகொண்டால் மூடாது. மழை இல்லாத நாளிலும் மூடுபனி வந்து கொடியில் கிடக்கும் துணியை மறுபடியும் நனைத்துவிட்டுப் போகும். தேயிலைக்கு இது அமுதம். பிள்ளைத்துணிக்கு இது பகை.

முழுவதும் காயாத துணியைக் கட்டினால் என்ன ஆகும்? தொடையிடுக்கில் சிவந்து தடிக்கும்; பூஞ்சைப்புண் வரும். பிள்ளை இரவெல்லாம் அழும். காலையில் பிரட்டுக்குப் போக வேண்டிய தாய் உறங்காமல் எழுந்து போவார். பட்டணத்தில் காசு போட்டுத் துணி உலர்த்தும் டோபிக் கடைகள் உண்டு. தோட்டத்திலிருந்து அங்கே போய்வரும் செலவை யார் கொடுப்பது? போய் உலர்த்தினாலும் மேலே சொன்ன கணக்குப்படி துணியால் வந்த நன்மை அந்த இயந்திரத்திலேயே கரைந்துவிடும்.

அப்படியானால் பாட்டி எப்படிச் சமாளித்தார்?

இது நியாயமான கேள்வி. நான் இதே மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள். என் பாட்டி ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். 1980-களில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, எங்கள் வீட்டில் விறகடுப்பு இருந்தது. அடுப்புக்கு மேலே ஒரு கயிறு. அதில் வரிசையாகத் தம்பியின் துணிகள். வெளியே எத்தனை நாள் மழை பெய்தாலும் அடுப்பின் அனலில் துணி காய்ந்துவிடும். தம்பியின் மேல் எப்போதும் புகை வாடை வீசும். எங்களுக்கெல்லாம் அதுதான் பிள்ளை வாசம்.

இரண்டாவது, துணி என்பது தாத்தாவின் பழைய வேட்டி. பிரித்து உதறினால் ஒற்றை அடுக்கு. கசக்கிப் பிழிந்து போட்டால் விரைவில் காயும். இன்று கடையில் விற்கும் துணி அணையாடைகள் பார்க்க அழகு. ஆனால், உள்ளே வைக்கும் தடித்த திண்டு எளிதில் காய்வதில்லை.

மூன்றாவது, அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது தம்பியை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். ஏணை கட்டித் தாலாட்டவும் துணி மாற்றவும் அங்கே ஆயா இருந்தார். அம்மா ஒருவரே எல்லாவற்றையும் செய்யவில்லை. அம்மா, பாட்டி, ஆயா, பக்கத்து வீட்டு அத்தை, விறகு பொறுக்கிய நான் என எல்லாரும் சேர்ந்துதான் அந்தப் பழந்துணியைக் காயவைத்தோம்.

இன்று அடுப்பு போய் எரிவாயு வந்துவிட்டது. புகையில் கண் எரிந்த தாய்மார்களுக்கு அது விடுதலை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், கயிறு கட்ட இடமில்லை. பலர் தோட்டத்தை விட்டு ரிங்லெட், தானா ராத்தா, ஈப்போ என்று பிரிந்து போய்விட்டதால் பாட்டி ஓரிடம், பேரன் ஓரிடம். கொழுந்தைக் கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. தோட்டங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையும் மூடப்பட்டுவிட்டது.

ஆக, பழந்துணியைத் தாங்கிப் பிடித்த அத்தனை தூண்களையும் காலம் பிடுங்கிக்கொண்டது. எஞ்சி நிற்பது தாய் ஒருவர் மட்டுந்தான். இப்போது அவரைப் பார்த்து “நீ ஏன் உன் பாட்டியைப் போல் இல்லை?” என்று கேட்கிறோம். இது பண்பாட்டுப் பற்றா? இல்லை, கொடுமை!

மலையை வெட்டியவரை விட்டுவிட்டு...

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “ஆற்றில் பெம்பர்ஸ் மிதக்கிறது” என்று அந்தப் பேச்சாளர் வருந்தினார். உண்மைதான். பெர்த்தாம் ஆறு போய்ச் சேரும் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் குப்பை சேர்கிறது. ஆனால், அந்த நீர்த்தேக்கத்தைத் தூர்த்தது எது? காட்டை அழித்து, சரிவுகளை வெட்டியதால் இறங்கிய மண். 2013 அக்டோபர் 23-இல், நள்ளிரவுக்குப் பிறகு அணைநீர் திறந்துவிடப்பட்டுப் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனதை மறந்துவிட்டோமா? மறு ஆண்டு நவம்பரிலும் அதே பகுதியில் சேற்று வெள்ளம் உயிர்ப்பலி வாங்கியதே!

அந்தச் சேறு எந்தத் தாயின் பெம்பர்ஸிலிருந்தும் வரவில்லை. மலையை வெட்டியவர்களைப் பற்றி நம் மேடைகளில் ஒருவரும் முக்கால் மணி நேரம் முழங்கக் காணோம். வலியவரிடம் வாய் திறக்காதவர்கள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் மட்டும் வீரம் காட்டுகிறோம்.

கைதட்டிய ஆண்களுக்கு ஒரு கேள்வி

அன்று பலமாகக் கைதட்டிய அப்பாக்களே, கோபித்துக்கொள்ள வேண்டா. உங்கள் வாழ்நாளில் பிள்ளையின் மலத்துணியை எத்தனை முறை அலசியிருக்கிறீர்கள்? பனிக்காலத்துக் காலையில், குழாய்த் தண்ணீர் எலும்பைக் குடையும்போது, எத்தனை துணி கசக்கியிருக்கிறீர்கள்? ஒரு நாளைக்கு ஆறு துணி என்றால் ஆண்டுக்கு 2,190 துணி. அதில் பாதியை நீங்கள் துவைப்பதாக இருந்தால் பழந்துணிப் பண்பாட்டைப் பற்றிப் பேசுங்கள். நானே மேடை போட்டுத் தருகிறேன்!

2023 சனவரி முதல் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. தந்தைக்கும் ஏழு நாள் உண்டு. நல்ல மாற்றந்தான். தொண்ணூற்றொன்பதாம் நாள் தாய் வேலைக்குத் திரும்பிவிடுவார். அன்று மாலை வாளியில் ஊறும் துணி மட்டும் ஏன் அவருடையதாகவே இருக்க வேண்டும்?

தாய்மாருக்கும் ஒரு சொல்

பழியைத் துடைத்துவிட்டேன் என்பதற்காகப் பொறுப்பையும் துடைத்துவிடவில்லை. மூன்று செய்திகளைக் கனிவோடும் கண்டிப்போடும் சொல்கிறேன்.

ஒன்று: பாலர் பள்ளிக்கு ஐந்து வயதுப் பிள்ளை பெம்பர்ஸோடு வருவதை நான் பார்த்திருக்கிறேன். நோயோ குறைபாடோ இருந்தால் அது வேறு. அந்தப் பிள்ளையை நாம் தாங்க வேண்டும். ஆனால், நலமான பிள்ளை, வசதிக்காக மட்டும் அப்படி வந்தால் அது அவனுக்கே அநீதி. பெம்பர்ஸ் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், தான் நனைந்ததே பிள்ளைக்குத் தெரிவதில்லை. தெரியாததை அவன் எப்படிச் சொல்லக் கற்பான்? மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரிக்கும்போது அவன் முகம் போகும் போக்கை ஆசிரியர்கள் நாங்கள்தான் பார்க்கிறோம்.

இரண்டு: தேயிலைச் சரிவிலும் கால்வாயிலும் எறிவதற்குப் பெம்பர்ஸ் ஒன்றும் எரு இல்லை.

மூன்று: “பெம்பர்ஸை எரித்தால் பிள்ளைக்குப் புண் வரும்” என்ற நம்பிக்கை நம்மவரிடையேயும் இருக்கிறது. இந்தோனேசியாவில் ஜாவாவின் பிராந்தாஸ் ஆற்றில் பெம்பர்ஸ் குவிந்ததற்கு இதே நம்பிக்கை ஒரு காரணம். எரிக்க அஞ்சி, ஆற்றில் விட்டார்கள். எரிக்கக்கூடாது என்பது சரிதான். ஆனால், பிள்ளைக்குப் புண் வரும் என்பதற்காக அன்று. நெகிழிப் புகை நச்சு என்பதற்காக. எரிக்காததை ஆற்றில் எறிவது அதைவிடப் பெரிய பாவம்.

சரி, என்னதான் செய்யலாம்?

1. பகலில் துணி, இரவில் பெம்பர்ஸ். ஆறில் நான்கு துணியானால் இரண்டரை ஆண்டில் 3,650 பெம்பர்ஸ் குப்பைக்குப் போகாது. அடைமழை மாதத்தில் முழு நாளும் பெம்பர்ஸ் போட்டாலும் குற்ற உணர்வு வேண்டா. முழுவதும் அல்லது ஒன்றுமே இல்லை என்ற பிடிவாதத்தால் யாருக்கும் பயனில்லை.

2. தடித்த திண்டைவிட ஒற்றை அடுக்குத் துணியே மலைக்கு ஏற்றது. பழைய வேட்டியும் பருத்திச் சேலையும் இருக்கப் பணம் கொடுத்து வாங்குவானேன்?

3. பெம்பர்ஸில் இருக்கும் மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, சுருட்டிக் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். துணியோ பெம்பர்ஸோ, நனைந்ததும் மாற்றுங்கள்.

4. ஒன்றரை வயதிலிருந்தே பிள்ளையைக் கவனியுங்கள். இரண்டு மணி நேரம் நனைக்காமல் இருக்கிறானா, வரும்போது முகத்தில் காட்டுகிறானா? அதுதான் கழிப்பறைப் பழக்கம் தொடங்கும் காலம். அடிக்காமல், அதட்டாமல் பழக்குங்கள்.

5. இதுதான் முக்கியமானது. இந்த மலையைச் சுற்றிப் பாருங்கள்! தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் மழை படக்கூடாதென்று சரிவெல்லாம் நெகிழிக் கூடாரங்கள். மேலே ஒளி புகும். பக்கத்தில் காற்று புகும். மழை மட்டும் புகாது. காய்கறிக்குக் கூடாரம் போடத் தெரிந்த மலையில் பிள்ளைத்துணிக்கு ஒரு கூடாரம் போட முடியாதா? லயத்துக்கு ஒன்று போதும். நான்கு கம்பம், ஒரு கூரை, பத்துக் கொடி.

இதைக் கேட்பது பிச்சை இல்லை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், தொழிலாளர் வீட்டுவசதியைப் பற்றிப் பேசும் அதே மூச்சில் குழந்தைக் காப்பகத்தையும் தன் நோக்கமாகச் சொல்கிறது. காப்பகத்தை நினைத்த சட்டத்தின் முன்னால் ஒரு கொடிக் கூரை கேட்பது பெரிய ஆசையா? தோட்ட நிருவாகத்திடம் கேட்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகக் கேட்போம். கிடைக்காவிட்டால் கூட்டுப்பணியில் நாமே போடுவோம். பள்ளிக்கு வேலி போட்டவர்கள் நாம்தானே!

அடுத்த ஞாயிறு அந்தத் தாயின் வீட்டிற்குப் போனேன். கைதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “ஐயோ டீச்சர், அதெல்லாம் எதுக்கு?” என்று பதறித் தேநீர் கொடுத்தார். வீட்டுக்குள்ளே சன்னலுக்கும் கதவுக்கும் இடையே கயிறு கட்டியிருந்தார். அதில் ஏழெட்டுத் துணிகள். தொட்டுப் பார்த்தேன், அப்போதும் ஈரந்தான். மூலையில் பாதி காலியான பெம்பர்ஸ் பொட்டலம் ஒன்று. சோம்பேறியின் வீடு அப்படி இருக்காது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கொடிக் கூரையைப் பற்றிய தீர்மானத்தை நான் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். அந்தச் சிறப்புரையாளர் முன்வந்தால் அவருக்கே என் முதல் கைதட்டல்.

தாயைத் திட்டுவதை நிறுத்துவோம். துணி காய வழி செய்வோம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை